அரூர் முகங்கள் அரூரிலேயே இருக்கட்டும்

ஒரு கல்யாணத்துக்கு இப்போதெல்லாம் 300 ஜிபி ஆகிறது. முதல் நாள் மாலை பெண் அழைப்பு, ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். இரண்டு ஸ்டில் கேமரா, இரண்டு வீடியோ கேமரா, வசதி உள்ள வீடென்றால் ட்ரோன் ஒன்று. மெமரி கார்டுகளை எல்லாம் இறக்கி முடித்தால் கணக்கு அங்கே வந்து நிற்கிறது. அரூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தீர்த்தமலை, பாப்பிரெட்டிப்பட்டி, மொரப்பூர், மலை ஏறினால் சித்தேரி, அந்தப் பக்கம் சிட்லிங்கி வரைக்கும் போய்ப் படம் எடுக்கிறோம். வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் முடிவதற்குள் டெராபைட் கணக்கில் சேர்ந்துவிடும். படம் எடுப்பது இந்தத் தொழிலில் பாதி. எடுத்ததை வைத்துக் காப்பது மீதிப் பாதி.

ஆல்பத்தையும் பென்டிரைவையும் கையில் கொடுத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று சொல்லும் ஸ்டூடியோக்கள் உண்டு. பேசிய பேச்சுப்படி அது சரிதான். ஆனால் பத்து வருடம் கழித்து ஒருநாள் கடை திறக்கும் முன்பே யாராவது படியில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் பெரியவர் தவறியிருப்பார். மாலை போட்டு வைக்க நல்ல படம் ஒன்று வேண்டும். பென்டிரைவ் எங்கே போனதென்று தெரியாது, ஆல்பத்தில் ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒட்டிப் போயிருக்கும். “உங்ககிட்ட இருக்கும்னு நம்பி வந்தேன்ணா” என்பார்கள். அந்த நேரத்தில் “இருக்கு, உட்காருங்க” என்று சொல்லக்கூடிய கடையாக என் கடை இருக்க வேண்டும். சொந்த சர்வர் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

கிளவுடில் போட்டுவிடலாமே என்று பலரும் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலேற்றும் வேகம் 40 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டாலும் 300 ஜிபி ஏற ஏறத்தாழ 17 மணி நேரம் பிடிக்கும், அதுவும் லைன் அறுபடாமல் இருந்தால். ஏற்றிய பிறகு மாதா மாதம் வாடகை. படங்கள் கூடக் கூட வாடகையும் கூடும், ஒருபோதும் குறையாது. கட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அந்த நிறுவனம்தான் தீர்மானிக்கும்.

இலவசமாகக் கொடுத்தவர்கள் பின்னால் மனம் மாறியதையும் பார்த்திருக்கிறோம். கூகுள் ஃபோட்டோஸ் தந்துவந்த அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1 அன்று நின்றது. அதற்குப் பிறகு ஏற்றும் படமெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும். யாகூ குரூப்ஸ் 2020 டிசம்பர் 15 அன்று மொத்தமாக மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காபி கிளப் என்று தமிழ் இணையத்தின் முதல் தலைமுறை எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடிப் பேசிய இடம் அது. இலவசம் என்பதால்தான் இப்படி, காசு கொடுத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு 2025 ஜூலையில் நடந்ததைச் சொல்வேன். குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்துக்கான சேவைகளை நிறுத்தியது. ஒழுங்காகப் பணம் கட்டிய வாடிக்கையாளர், இந்தியாவில் இருக்கும் நிறுவனம், தன் மின்னஞ்சலையே திறக்க முடியாமல் நின்றது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், சில நாட்களில், சேவை திரும்ப வந்தது. அவ்வளவு பெரிய ஆலைக்கே அந்த நிலைமை என்றால், அரூர் ஸ்டூடியோ எந்த மூலை?

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையும் மினுக்கும் விளக்குகளும் மனதில் வரும். அதெல்லாம் தேவையில்லை. எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்து, இன்னொரு கருவி கேட்டால் பதில் தரும் எந்தக் கணினியும் சர்வர்தான். என்னுடையது ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப் போட்ட மினி பிசி. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கணினிக் கடைகளில் குவியல் குவியலாகக் கிடக்கும், ஒரு கையில் தூக்கிவிடலாம். 16 ஜிபி ராம் போட்டு, பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டைச் சேர்த்தேன். சும்மா இருக்கும்போது 15 வாட் அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு 11 யூனிட். அதில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. 1993 முதல் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்துவரும் இயங்குதளம் அது. யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. அதன் மேல் டாக்கர். ஒரு ஆப்புக்குத் தேவையான எல்லாவற்றையும் தனிக் கட்டாக வைத்து ஓட்டும் ஏற்பாடு இது. எந்த ஆப், எந்த போல்டரில் தரவு, எந்தக் கதவு எண் (போர்ட்) என்பதெல்லாம் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலும் தரவும் கையில் இருந்தால், இந்தப் பெட்டி எரிந்து போனாலும் வேறு பெட்டியில் ஒரு மாலைக்குள் எல்லாவற்றையும் எழுப்பிவிடலாம்.

அடுத்து ஆப்பைத் தேர்ந்தெடுப்பது. நிரலை எவரும் எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறந்த மூல ஆப்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. படத்துக்கு, பாட்டுக்கு, சினிமாவுக்கு, பில்லுக்கு, சமையல் குறிப்புக்குக்கூட இருக்கிறது. பட்டியலைப் பார்த்தால் எல்லாவற்றையும் நிறுவிப் பார்க்கத் தோன்றும். நான் ஒவ்வொன்றிடமும் முதலில் கேட்கும் கேள்வி இது: நாளைக்கு உன்னை விட்டுப் போக வேண்டும் என்றால், என் பொருள் எந்த நிலையில் என் கைக்கு வரும்? என்னென்ன வசதி இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கிறேன்.

படங்களுக்கு மூன்று ஆப்களை நிறுவிப் பார்த்தேன். ஃபோட்டோபிரிசம் நல்ல ஆப். கோப்புகளைச் சொந்த சர்வரில் வைக்கும் நெக்ஸ்ட்கிளவுடுக்குள் நிறுவும் மெமரீஸும் மோசமில்லை. கடைசியில் இம்மிச் நின்றது. அலெக்ஸ் டிரான் என்பவர் 2022ல் தொடங்கியது. போனில் இருந்து தானாகப் படம் ஏற்றும் செயலி அதற்கே சொந்தமாக உண்டு, முகப்பைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு. வெளி நூலகம் என்று ஒரு வசதி இருக்கிறது. ஏற்கெனவே நான் ‘வருடம், மாதம், ஊர், வீட்டுப் பெயர்’ என்று அடுக்கி வைத்திருக்கும் போல்டர்களை அது அப்படியே படித்துக் காட்டுகிறது. ஒரு படத்தையும் இடம் மாற்றுவதில்லை, பெயர் மாற்றுவதில்லை. இம்மிச்சை நிறுத்திவிட்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்த்தேன். எல்லாப் படங்களும் அதே இடத்தில், அதே பெயரில் இருந்தன.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எந்த முகம் யாருடையது, எந்த ஆல்பத்தில் எந்தப் படம் என்ற விவரங்கள் படத்துக்குள் இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தனி டேட்டாபேஸில் இருக்கின்றன. இம்மிச் தினமும் இரவில் அதன் நகல் ஒன்றைத் தானே எடுத்து வைக்கிறது, ஆனால் அதே பெட்டிக்குள். அந்த நகலை வெளியே கொண்டுபோவது நம் வேலை. படங்களை மட்டும் காப்பாற்றிவிட்டு இதை விட்டால், முகங்களுக்குப் பெயர் கொடுத்த உழைப்பு முழுதும் போய்விடும்.

இன்னொன்றையும் பார்ப்பேன். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, எத்தனை பேர் சேர்ந்து எழுதுகிறார்கள், தங்கள் ஆப்பைப் பற்றி அவர்களே உண்மை சொல்கிறார்களா. இம்மிச்சின் முகப்புப் பக்கத்திலேயே, இது வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது, உங்கள் படங்களுக்கு ஒரே இடமாக இதை நம்பிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை வெகுகாலம் இருந்தது. இது நிலையானது என்று சொல்லி 2.0 பதிப்பை அவர்கள் வெளியிட்டது 2025 அக்டோபரில்தான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. உரிமச்சாவி என்று ஒன்று விற்கிறார்கள். வாங்காவிட்டாலும் எந்த வசதியும் குறையாது. உழைப்பவர்களுக்கு ஆதரவாக வாங்குவது. வாங்கினேன்.

நல்லபடியாக நடந்துகொண்டிருக்கும் ஆப் பாதை மாறினால் என்ன செய்வது என்ற கவலை நியாயமானது. அங்கேதான் திறந்த மூலத்தின் பலம் இருக்கிறது. ஃபிராங்க் கார்லிட்செக் 2010ல் ஓன்கிளவுடைத் தொடங்கினார். 2016ல் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறியபோது, அதே மூல நிரலை எடுத்துக்கொண்டு நெக்ஸ்ட்கிளவுடை உருவாக்கினார். சினிமா, பாட்டு ஓட்டும் எம்பி என்ற ஆப் தன் நிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் சிலர் பழைய திறந்த நிரலைப் பிரித்து ஜெல்லிஃபின் என்று கிளம்பினார்கள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தெரிந்த யாரோ நாளை இதை எடுத்து நடத்துவதற்கு யாரும் தடை போட முடியாது என்பதே எனக்குப் போதுமான பாதுகாப்பு.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இறந்து ஒன்பதாம் நாள். தனியாக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத மனிதர். வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

“அப்பா கல்யாணம் காட்சின்னா தவறாம போவாருண்ணா. எதிலாச்சும் பின்னாடி நின்னிருப்பாரு.”

அட்டைப் படம் மங்கல். ஏற்றிப் பார்த்ததில் யாரோடும் பொருந்தவில்லை. “வேற எதும் இருக்கா தம்பி, கூட்டத்துல நிக்கிற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை” என்றேன். அக்கா வீட்டுக்குப் போன் போட்டு, வாட்ஸப்பில் ஒரு குரூப் போட்டோ வந்தது. கோவில் வாசல், பதினைந்து பேர், ஓரத்தில் அவர். அதை ஏற்றினேன். இம்மிச் ஒவ்வொரு முகத்தையும் 512 எண்கள் கொண்ட வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கிறது. இரண்டு வரிசைகள் எவ்வளவு நெருங்கி இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு இரண்டும் ஒரே ஆளின் முகமாக இருக்க வாய்ப்பு உண்டு. கொஞ்ச நேரத்தில் திரையில் வரிசை கட்டின. ஒரு கல்யாணத்தில் பந்தியில் இலைக்கு முன்னால் குனிந்து தண்ணீர் தெளிக்கிறார். இன்னொன்றில் மொய் எழுதும் மேசைக்கு அருகில் நிற்கிறார். மூன்றாவதில், தெரிந்தவர் யாரையோ பார்த்துவிட்ட சிரிப்பு; தோளில் துண்டு, முகம் நேராக. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது என்பதால் அவரை மட்டும் வெட்டியபோது 1500 பிக்சலுக்கு மேல் கிடைத்தது. பத்துக்கு எட்டு பிரேமுக்குப் போதும். அந்த மூன்று வீட்டாரும் எனக்கு வாடிக்கையாளர்கள். இவர் அங்கே இருந்தது எனக்கோ, அந்த வீட்டார்களுக்கோ, இந்தப் பையனுக்கோ தெரியாது.

அவனை அனுப்பிவிட்டு நெடுநேரம் அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஊரின் முகங்கள் முழுக்க என்னிடம் இருக்கின்றன. யார் யாருடைய வீட்டு விசேஷத்துக்குப் போனார், யாரோடு நின்றார், குழந்தைகள் எந்த வயதில் எப்படி இருந்தார்கள் என்பதெல்லாம் தேடினால் வந்து நிற்கும். இப்படியொரு அட்டவணை, எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கையில், அது தன் வேலைகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளும்படி இருக்கக்கூடாது என்று உறுதியாக நம்புகிறேன். என் கையில் இருக்கும்போதும் கட்டுப்பாடு வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் அடுத்தவர் வீட்டுப் பெண்களின் படம் நம்மிடம் இருக்கிறது என்ற நினைப்பு ஸ்டூடியோக்காரனுக்கு இருந்தாக வேண்டும். அதனால் முகத் தேடல் என் லாகினில் மட்டும். கடையில் வேலை பார்க்கும் தம்பிகளுக்குக்கூடக் கிடையாது. ஒரு வீட்டாருக்கு அனுப்பும் லிங்க்கில் அந்த வீட்டு ஆல்பம் மட்டும் தெரியும். அதற்குப் பாஸ்வேர்டும் காலாவதித் தேதியும் உண்டு. எங்கள் படம் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று யார் சொன்னாலும் நகல்கள் உட்பட எடுத்துவிடுவேன்.

அந்த லிங்க் எப்படி வெளியூரில் திறக்கிறது என்பது கொஞ்சம் சிக்கலான சங்கதி. நம் பக்கத்து பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை, பல வீடுகள் ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வெளியில் இருந்து யாரும் நேரே உள்ளே வர முடியாது. நான் மாத வாடகைக்குச் சின்ன சர்வர் ஒன்றை எடுத்து, அதற்கும் கடைப் பெட்டிக்கும் இடையில் வயர்கார்டு என்ற மறையாக்கப் பாதை போட்டிருக்கிறேன். படம் எதுவும் அந்த வாடகை சர்வரில் தங்காது, கடந்து போகும், அவ்வளவுதான். வெளியே தெரிவதும் இம்மிச் முழுதும் அல்ல. பகிர்ந்த ஆல்பங்களை மட்டும் காட்டும் இம்மிச் பப்ளிக் ப்ராக்ஸி என்ற சின்ன ஆப் நடுவில் நிற்கிறது. வாடிக்கையாளர் அதைத்தான் தொடுகிறார். பெரிய வீடியோ அனுப்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: இலவசமாகக் கிடைக்கும் சில பாதைகளில் ஒரு தடவைக்கு 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது. முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தார் மட்டும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இதில் பாதிகூட வேண்டாம். எல்லாருடைய போனிலும் வயர்கார்டு போட்டுவிட்டால் போதும், இணையத்துக்கு எந்தக் கதவையும் திறக்கத் தேவையில்லை. திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் சர்வரின் பதிவேட்டைப் பாருங்கள். உலகின் எந்தெந்த மூலையில் இருந்தோ நிமிடத்துக்கு நிமிடம் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஊரில் சர்வருக்குப் பெரிய எதிரி சித்திரை, வைகாசியில் வரும் கோடை இடிமழைதான். மாலையில் கருக்கி வரும், இடி இறங்கும், கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் எகிறும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிடக்கூடாது. கரண்ட் போன அந்தக் கணத்தில் பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டர் எடுக்கும் இடைவெளியில் கணினி அணைந்துவிடலாம். பின்புறம் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டு வைக்க வேண்டும். நான் சர்வருக்கென்று யுஎஸ்பி வயர் உள்ள சின்ன யுபிஎஸ் ஒன்றையும் வைத்திருக்கிறேன். பேட்டரி குறைந்ததும் நட் என்ற திறந்த மூல மென்பொருள் சர்வருக்குச் சொல்லிவிடும். டேட்டாபேஸை ஒழுங்காக மூடி, பெட்டி தானே அணைந்துகொள்ளும். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

சர்வர் இரண்டு டிஸ்கிலும் ஒரே சமயத்தில் எழுதுகிறதே, அது போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போதாது. தவறிப்போய் ஒரு போல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். பெட்டி திருட்டுப் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்று நகல், இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு ஊரில் என்று உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். விதைக் கேழ்வரகை ஒரே பானையில் போட்டு வைக்காமல் பங்காளி வீட்டிலும் ஒரு பங்கு கொடுத்து வைப்பார்களே, அந்தப் புத்திதான். ரெஸ்டிக் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் பூட்டி, மாறியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. டேட்டாபேஸ் நகல் தினமும் இரவு இணையத்தின் வழியாகத் தருமபுரியில் சித்தப்பா வீட்டில் உள்ள பழைய லேப்டாப்புக்குப் போகிறது. படங்கள் கனம் என்பதால் டிஸ்காகவே பேருந்தில் போகின்றன. ஒரு டிஸ்க் அங்கே, ஒரு டிஸ்க் இங்கே, மாற்றி மாற்றி. பூட்டின நகல் என்பதால் வழியில் தொலைந்தாலும் யாரும் திறக்க முடியாது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கல்யாணத்தை அந்த நகலில் இருந்து வேறு கணினியில் இறக்கி, படங்கள் திறக்கின்றனவா என்று பார்ப்போம். கடையில் யார் எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட விடமாட்டேன்.

சொந்த சர்வரில் வைக்கக்கூடாதது என்று நான் சொல்வது மின்னஞ்சல். நிறுவ முடியாதென்று இல்லை. வீட்டு இணைப்பில் இருந்து கிளம்பும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் குப்பை என்று ஒதுக்கிவிடும், பல இணைப்புகளில் அதற்கான வழியே அடைபட்டிருக்கும். அந்தப் போராட்டத்தில் இறங்க எனக்கு நேரமில்லை. துணை மென்பொருள்களை விட்டுவிட்டால் என்னிடம் ஓடுவது மொத்தம் மூன்றே ஆப். இம்மிச் ஒன்று. பாஸ்வேர்டுகளுக்கு வால்ட்வார்டன், சர்வர் நின்றாலும் போனில் உள்ள நகல் வேலை செய்யும். மூன்றாவது பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ். பில், வாரண்டி, பட்டா, பத்திரம் எல்லாம் ஸ்கேன் செய்து அதில் போடுகிறோம். உள்ளே டெசராக்ட் என்ற எழுத்துணரி இருக்கிறது. எச்பி நிறுவனத்தில் 1980களில் பிறந்து, 2005ல் திறந்த மூலமானது. தமிழும் படிக்கும். அமைப்பில் தமிழும் ஆங்கிலமும் என்று சேர்த்தால் போதும். பழைய கிரயப் பத்திரத்தின் கையெழுத்தை அது படிக்காது. அச்சிட்ட பட்டாவில் சர்வே எண்ணைக் கொடுத்தால் எடுத்துத் தருகிறது.

இம்மிச்சில் சொல்லைக் கொடுத்துத் தேடுவதும் இப்படித்தான். வந்தபடியே இருக்கும் ஏஐ மாதிரி (மாடல்) ஆங்கிலத்துக்கானது. அமைப்பில் பல மொழி அறிந்த மாதிரியாக மாற்றிவிட்டால் தமிழிலும் கேட்கலாம். ‘மாலை’, ‘குதிரை’, ‘மழை’ என்றால் சரியாக எடுத்துத் தருகிறது. ‘நலங்கு’ என்றால் தடுமாறுகிறது. இந்த மாதிரிகளும் வெளிப்படையாகத்தான் வருகின்றன. நம் சடங்குகளின் படங்களை, உரியவர்களிடம் கேட்டுப் பெற்று, தமிழ்ப் பெயர்களோடு யாராவது சேர்த்துக் கொடுத்தால் இதைச் சரிசெய்ய முடியும். பெரிய நிறுவனத்தின் மூடிய சேவையில் இதை யாரிடம் போய்க் கேட்பது?

சேர்த்ததை இழப்பதும் மீண்டும் சேர்ப்பதும் தமிழருக்குப் புதிதில்லை. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் நகல் இல்லாதவையும் இருந்தன. அந்த நினைவு ஆறாத மண்ணில் 2005ல் தொடங்கியது நூலகம் திட்டம். ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், சிறு வெளியீடுகள் என்று பல்லாயிரம் ஆவணங்களை ஸ்கேன் செய்து எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள். அந்தத் தளம் ஓடுவது விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட அதே மீடியாவிக்கியில். படங்கள், ஒலிப்பதிவுகளுக்கான ஆவணகம் ஐலண்டோரா என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருளில் இயங்குகிறது. மூடிய மென்பொருள் ஒன்றில் வைத்திருந்தால் விற்றவர் கடையை மூடும் நாளில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த வழி ஆவணங்களுக்கு மட்டும் அல்ல. சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் கனியாரி என்ற ஊரில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்று ஒரு மருத்துவமனை இருக்கிறது. பழங்குடி மக்கள் வந்து சேரும் இடம். நோயாளிகளின் பதிவு, சோதனை முடிவு, மருந்து, பில் எல்லாவற்றையும் இணைத்து நடத்த தாட்வொர்க்ஸ் நிறுவனத்தார் அங்கே பாமினி என்ற மென்பொருளை வளர்த்தார்கள். அதை முழுக்கப் புதிதாக எழுதவில்லை. ஏற்கெனவே இருந்த ஓப்பன்எம்ஆர்எஸ், ஓப்பன்எலிஸ், ஓடூ என்ற மூன்று திறந்த மூல ஆப்களை ஒன்றாகக் கோர்த்தார்கள். மருத்துவமனையிலேயே வைத்த சர்வரில் ஓடக்கூடியது. இணையம் அறுந்தாலும் டாக்டர் நோயாளியின் பழைய பதிவைத் திறக்கலாம். இன்று வேறு பல நாடுகளிலும் அது ஓடுகிறது. மலையும் காடும் சூழ்ந்த தருமபுரி மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிகளுக்கும் இந்த மாதிரி ஏற்பாடு வேண்டும் என்று எனக்கு ஆசை. சித்தேரிக்குப் படம் எடுக்கப் போனால், வளைவு இரண்டு ஏறியதும் போனில் சிக்னல் போய்விடும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள பி.இ. படித்திருக்க வேண்டியதில்லை. கணியம் என்ற மின்னிதழ் 2012 ஜனவரியில் இருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. லினக்ஸ் அடிப்படை முழுதும் நான் அங்கே படித்ததுதான். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிட்சி என்ற வீடியோ சந்திப்பு ஆப் வழியாகக் கூடிப் பேசுகிறது. ஜிட்சியும் சொந்த சர்வரில் ஓட்டக்கூடிய ஆப்தான். விழுப்புரத்திலும் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறது. கேள்வி கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பிழைச்செய்தியை அப்படியே எடுத்துப் போட்டால் தெரிந்தவர் பதில் சொல்வார்.

தொடங்க விரும்புகிறவர்கள் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் டெபியன் போட்டு, ஒரே ஒரு ஆப்பை வைத்துச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். அதற்குள் போன் படங்களை அழித்துவிடாதீர்கள். ஒரு புதுப்பதிப்பு வந்தால் அறிவிப்பைப் படித்து, டேட்டாபேஸ் நகல் எடுத்துவிட்டு மேம்படுத்துங்கள். தானாக மேம்படும்படி நான் எதையும் விடுவதில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்க முடியாதவர்கள் சொந்த சர்வர் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். பராமரிக்காத சர்வரை விட வாடகை கிளவுட் மேல்.

எங்கள் கடையில் இதைப் பார்த்துக்கொள்வது நானும் பி.சி.ஏ. முடித்த ஒரு தம்பியும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். டிஸ்க் எங்கே, பூட்டுச்சொல் என்ன, எந்த வரியைத் தட்டினால் எது எழும் என்று. பீரோவில் ஒன்றும் தருமபுரியில் ஒன்றும் இருக்கிறது. என் மனைவி அதைப் பார்த்து ஒருமுறை தனியாகவே ஒரு கல்யாணத்தை இறக்கிக் காட்டினார். கடையையே மூடும்படி ஆனால், ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் வீட்டு போல்டரை டிஸ்கில் போட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. படங்கள் சாதாரண ஜேபெக் ஃபைல்களாக வருட வாரியாக இருப்பதால், எந்தக் கணினியிலும் திறக்கும்.